கந்தோரும் கணினியும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தாரின் பழைய வாக்கு. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நம் முன்னோர் தம் நாவுக்கு இசையும்படி வளைத்துக்கொண்டனர். தம் வாழ்க்கையையோ அச்சொல்லுக்கு இசையும்படி வளைத்துக்கொண்டனர். கந்தோர், சம்பளம், பென்சன் என்ற மூன்றும் முன்பு ஒரு வீட்டின் உயர்வை அளக்கும் கோல்களாக இருந்தன. இன்றோ கோயில் வீதியிலும் கலியாணப் பேச்சிலும் வேறொரு கேள்வி முந்திக்கொண்டு வருகின்றது: "பிள்ளை எந்தக் கொம்பனியில்?" கொம்பனி என்றால் மென்பொருட் கொம்பனி என்று கொள்ளுதல் வேண்டும். மருத்துவமும் பொறியியலும் தம் ஆசனங்களை விட்டு எழுந்துவிடவில்லை. எனினும் அவற்றின் பக்கத்தில் மூன்றாவது ஆசனமொன்று இடப்பட்டுவிட்டது.

அந்த ஆசனத்துக்குச் செல்லும் வழியில் ஒரு வாயில் உண்டு. உள்ளகப் பயிற்சி என்று அதனைப் பல்கலைக்கழகத்தார் அழைப்பர். பட்டப்படிப்பின் பிற்பகுதியில், பெரும்பாலும் ஆறு மாத காலத்துக்கு, மாணவன் ஒரு நிறுவனத்துக்குச் சென்று மெய்யான வேலையொன்றில் அமர்த்தப்படுகின்றான். வடக்கிலுள்ள பல்கலைக்கழகமொன்றிற் கணினி விஞ்ஞானம் பயிலும் நானும் அண்மையிற் கொழும்பிலுள்ள பெரிய நிறுவனமொன்றில் அவ்வாறு பயின்று திரும்பினேன். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. நான் சொல்லப்போவது தனியொரு நிறுவனத்தின் கதையன்று. இந்த வாயில் இப்போது ஒடுங்கி வருகின்றது. அது சாத்தப்படுமாயின் வடக்கிலிருந்து வரும் மாணவனின் முகத்திலேயே முதலிற் சாத்தப்படும் என்பது என் கருத்து. அக்கருத்துக்குரிய காரணங்களை வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன்.

வேலை தேடித் தெற்கே போவது நமக்குப் புதிதன்று. 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினறி 1855 இல் மூடப்பட்டதாயினும், அது தொடக்கிவைத்த ஆங்கிலக் கல்வி நிற்கவில்லை. அக்கல்வியைப் பெற்றவர்களுக்குக் குடாநாட்டினுள் வேலை இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் அவர்கள் கொழும்புக்கும், அங்கிருந்து மலாயாவுக்கும் சென்றனர். மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் நிறைந்திருந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீடுகள் இன்னும் பல கிராமங்களில் நிற்கின்றன. பனையும் புகையிலையும் போல ஆங்கிலம் கற்ற இளைஞனும் குடாநாட்டின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்றானான் என்று சொன்னால் அது முற்றிலும் வேடிக்கையாகாது. ஆனால் அன்றைய இளைஞனுக்கும் இன்றைய இளைஞனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. எழுதுவினைஞனிடம் வேண்டப்பட்டவை அழகிய கையெழுத்தும் பிழையற்ற ஆங்கிலமும் அடக்கமும் ஆகும். மென்பொருள் செய்பவனிடம் அடக்கம் வேண்டப்படுவதில்லை. சில வேளைகளில் அதுவே அவனுக்குத் தடையாகவும் அமைகின்றது. இதனை விளக்குவதற்கு நான் பார்த்த வேலையைச் சிறிது விரித்துரைக்கவேண்டும்.

வட ஐரோப்பிய நாடொன்றிலுள்ள காப்புறுதிக் கொம்பனிக்கான மென்பொருளை எங்கள் குழு பராமரித்து வந்தது. பராமரித்து வந்தது என்று சொல்வதைக் கவனிக்கவேண்டும். வகுப்பறையில் நாங்கள் வெற்றுத் திரையில் முதல் வரியிலிருந்து நிரல் எழுதிப் பழகியவர்கள். அங்கோ இலட்சக்கணக்கான வரிகள் முன்னரே எழுதப்பட்டிருந்தன. எழுதியவர்களுட் பாதிப்பேர் நிறுவனத்தை விட்டுப் போய்விட்டனர். சிலர் நாட்டையே விட்டுப் போய்விட்டனர். முதல் ஒரு மாதமும் நான் எழுதியவை சில வரிகளே. மீதி நேரமெல்லாம் வாசிப்பு. இந்த வரி ஏன் இங்கே நிற்கின்றது, இதனை நீக்கினால் எது குலையும் என்று தேடித் தேடி வாசித்தேன்.

இலக்கிய அன்பர்களுக்கு இவ்வேலை அந்நியமாகத் தோன்றாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தார். எந்தப் பாடம் மூலம், எது பின்வந்தவர் கைபட்டது என்று துணிவது அவருடைய தொழிலின் கடினமான பகுதி. எங்கள் தொழிலில் அக்கடினத்தைக் குறைப்பதற்கு 'கிற்' என்றொரு கருவி உண்டு. எவர், எந்நாளில், எந்த வரியை, என்ன நோக்கத்தோடு மாற்றினார் என்பதையெல்லாம் அது காத்து வைக்கும். பாடபேதம் ஒன்றும் தொலைவதில்லை. செல்லரித்த ஏடுகளோடு மல்லாடிய பிள்ளையவர்களுக்கு இத்தகைய கருவி வாய்த்திருந்தால் என்று நான் பல இரவுகளில் எண்ணியதுண்டு. ஆயினும் மாற்றியவர் தம் நோக்கத்தைத் தெளிவாக எழுதாது விட்டால் கருவி என் செய்யும்? 'திருத்தப்பட்டது' என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போன புண்ணியவான்கள் பலர். அவர்களுக்கு உரை எழுத நச்சினார்க்கினியரே வரவேண்டும்.

வாசித்து விளங்குவது கடினமாயினும் அதில் நாங்கள் பின்தங்கவில்லை. இருந்து படிப்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கைவந்த கலை. பேச்சிலேதான் இடறல். நாடோறும் காலையிற் குழுவினர் வட்டமாகக் கூடி ஒவ்வொருவரும் மூன்று செய்தி சொல்லவேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது என்னைத் தடுக்கின்றது. முதலிரண்டும் எளியவை. மூன்றாவதைச் சொல்வதற்கு எங்கள் வளர்ப்பு இடங்கொடுப்பதில்லை. கேள்வி கேட்பவன் வகுப்பைக் குழப்புபவன் என்றும், தெரியாது என்பவன் படியாதவன் என்றும் எண்ணும் சூழலிலே வளர்ந்தோம். காலையிற் பாடசாலை, மாலையில் ரியூற்றறி என்று உயர்தரப் பரீட்சை வரையில் ஓடிய ஓட்டத்தில், ஒருவர் சொல்ல நூற்றுவர் எழுதுவதே கல்வியாயிற்று. அத்தகைய கூட்டத்திலிருந்து வந்தவன், பத்துப் பேர் பார்த்திருக்க, "எனக்கு இது விளங்கவில்லை" என்று ஆங்கிலத்திற் சொல்வது இலேசான காரியமா? என்னோடு பயிற்சிக்கு வந்த தெற்கத்திய நகரப் பாடசாலை மாணவர் சிலர், என்னிலும் குறைவாக விளங்கிக்கொண்டு என்னிலும் அதிகமாகக் கேட்டனர். இரண்டு மாதத்தில் அவர்கள் முந்திவிட்டனர்.

மொழியைப் பற்றியும் ஒளியாது சொல்லவேண்டும். ஆவணங்கள் ஆங்கிலத்தில், கூட்டங்கள் ஆங்கிலத்தில், வேலை நெருக்கும்போதும், பகிடி பிறக்கும்போதும், மத்தியானச் சாப்பாட்டு மேசையிலும் சிங்களம். மேசையிற் பேசி முடித்தவை பிற்பகல் கூட்டத்தில் முடிவுகளாக வரும். எவரும் என்னை விலக்கவேண்டுமென்று எண்ணியதில்லை. மாத்தறைப் பக்கத்துப் பொறியியலாளர் ஒருவர் வேலை முடிந்த பின்னரும் என் பக்கத்தில் இருந்து நிரலை வரிவரியாக விளக்கினார். அவருக்கு நான் கடமைப்பட்டவன். ஆயினும் எண்ணமின்றியே விலக்கப்படுதல் சாத்தியம் என்பதை அந்த மேசை எனக்குக் காட்டிற்று. 1956 இல் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஏற்றது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. இரண்டு தேதிகளுக்கும் இடையில் ஒரு தலைமுறை மற்றத் தலைமுறையோடு பேசும் மொழியை இழந்துவிட்டது. நம் பாடசாலைகளிற் சிங்களத்தைப் பாடமாகக் கற்றவர் பலர். பேசக் கற்றவர் சிலர். தெற்கிலே தமிழின் நிலையும் அவ்வாறுதான். கொழும்புக் கந்தோரின் சாப்பாட்டு மேசையில் இந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது.

பெயர் விஷயத்தில் நேர்ந்ததையும் ஈண்டுக் குறிப்பிடலாம். நம் வழக்கில் தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்கும். நிறுவனத்தின் கணினியோ முதலில் நிற்பதே ஒருவனின் சொந்தப் பெயர் என்று கொள்ளும். ஆகவே ஆறு மாதமும் நான் என் தந்தையார் பெயராலேயே அழைக்கப்பட்டேன். வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பலருக்கும் இது பழகிய அனுபவம். தொலைபேசியில் இதனைச் சொன்னபோது அப்பா, "அப்பிடியெண்டால் சம்பளத்தையும் எனக்கே போடச் சொல்லு" என்றார்.

வேடிக்கை அதனோடு முடியவில்லை. ஐந்தாம் மாதத்தில் என்னிடம் தரப்பட்ட சிறுவேலை, காப்புறுதிப் பத்திரத்திற் பெயர் நிரப்பும் பகுதியைச் சீர்செய்வதாகும். குடும்பப் பெயர் இல்லாத எவரையும் அது ஏற்காது. எனக்கு ஐஸ்லாந்துக்காரரின் நினைவு வந்தது. அத்தேசத்தாருட் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகன் அல்லது மகள் என்ற சொல்லைச் சேர்த்து வழங்குவர். அழைப்பதோ சொந்தப் பெயரால். வட ஐரோப்பாவிலே வியாபாரம் செய்யும் கொம்பனியிடம் ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் காப்புறுதி கேட்டால் யாது செய்வது என்று காலைக் கூட்டத்திற் கேட்டேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் குழுத்தலைவர் அதனைத் தனி வேலையாகப் பதிவுசெய்து என்னிடமே தந்தார். அன்று முதல் நான் அக்குழுவின் ஆளானேன் என்று சொல்லலாம். யாழ்ப்பாணத்துப் பெயர் வழக்கிற் பிறந்தவனுக்குத் தெரிந்த ஒன்று அங்கே பயன்பட்டது, பேசியபடியால் பயன்பட்டது.

இத்தகைய சிறுவேலைகளே பயிற்சியின் உயிர். தட்டார் பட்டறையிற் புதிதாகச் சேர்ந்த சிறுவன் முதலில் நெருப்பூதுவான். பின்னர் கம்பி இழுப்பான். பொன்னைத் தொட ஆண்டுகள் செல்லும். நெருப்பூதும் காலத்தில் அவன் கண் ஆசாரியின் கையிலே இருக்கும். மென்பொருட் கொம்பனியிலும் பிழை திருத்தல், சோதனை எழுதுதல், படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்தல் ஆகியன நெருப்பூதும் வேலைகள். இப்போது இந்த நெருப்பை ஊதுவதற்கு ஓர் இயந்திரம் வந்துவிட்டது. 2022 நவம்பரிற் சட்ஜிபிரி வெளிவந்தபின், கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் விரைந்து பரவின. எனக்கு இரண்டு வாரம் தரப்பட்ட வேலையொன்றை அக்கருவி சில நிமிடங்களில் முடித்ததை நானே பார்த்தேன். அது எழுதியது சரியா என்று துணிவதற்கு மூத்தவர் ஒருவருக்கு அரை நாள் சென்றது என்பதையும் சொல்லாது விடலாகாது.

ஆகவே நிறுவனத்தின் கணக்குப்பிள்ளை கேட்பது நியாயமாகவே தோன்றும்: பயிற்சியாளனுக்கு ஏன் படி கொடுக்கவேண்டும்? அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மூத்தவரின் நேரத்தை ஏன் செலவிடவேண்டும்? இக்கேள்விக்கு மறுமொழி உண்டு. ஆனால் அது இவ்வாண்டுக் கணக்கில் விழாது. இயந்திரம் எழுதியதைச் சரிபிழை பார்க்க வல்ல மூத்தவர் எங்கிருந்து வருகின்றனர்? நேற்றைய பயிற்சியாளரே இன்றைய மூத்தவர். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இது கண்கூடாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் இருநூறு ரூபாவளவில் நின்ற டொலர், சில மாதங்களில் முந்நூற்றறுபதளவுக்கு ஏறியது. நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிலவிய நாட்களும் இருந்தன. அனுபவம் பெற்ற பொறியியலாளர் பலர் விமானமேறினர். நான் சேர்ந்த குழுவிற் பத்தாண்டு அனுபவமுள்ளவர் ஒருவரே எஞ்சியிருந்தார். அவருடைய ஒரு நாளை ஒன்பது பேர் பங்கிட்டுக்கொண்டோம். இந்த இடைவெளியை இயந்திரத்தைக் கொண்டு மறைக்கலாம். நிரப்ப முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

வாயில் ஒடுங்கும்போது யார் வெளியே நிற்பர்? இடங்கள் பத்தாக இருந்தபோது நேர்முகப் பரீட்சையிலே தயங்கிப் பேசியவனுக்கும் ஓரிடம் கிடைத்தது. இரண்டாகிவிட்டால் சரளமாகப் பேசுபவனுக்கும், உள்ளே தெரிந்தவர் உள்ளவனுக்கும் அவை போய்விடும். செலவையும் பார்க்கவேண்டும். கொழும்பிலே வீடுள்ளவனுக்குப் பயிற்சிப் படி கைச்செலவு. வெள்ளவத்தையில் அறையெடுத்துக் கடைச்சாப்பாடு உண்பவனுக்கு அது மாதத்தின் மூன்றாம் வாரத்திலேயே தீர்ந்துவிடும். மீதியை வீடுதான் அனுப்பவேண்டும். மலாயாவிலிருந்து வீட்டுக்குப் பணம் வந்த காலம் போய், உழைக்கப் போனவனுக்கு வீட்டிலிருந்து பணம் போகின்றது. தோட்டத்தையோ கடலையோ நம்பிய குடும்பத்துப் பிள்ளை இக்கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டே விண்ணப்பிக்கின்றான். பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. "கொழும்பில் ஆரோடை நிற்பாய்?" என்ற தாயாரின் கேள்விக்கு மறுமொழி கிடையாமையால், கிடைத்த இடத்தை விட்டவர்களை என் வகுப்பிலேயே அறிவேன். அவர்களுள் ஒருத்தி எங்கள் எல்லாரிலும் நன்றாக நிரல் எழுதுபவள்.

தூரம் ஒரு காரணமா? முன்பு அவ்வாறிருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானத் துறை 1991 இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார், அதுவே லினக்ஸ். பின்னர் 2005 இல் 'கிற்' கருவியைத் தொடக்கியவரும் அவரே. அவர் அறிவித்த நாட்களிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. போத்தல் விளக்கிற் படித்தும், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும் வாழ்ந்த மக்களிடையே கணினித் துறை தொடங்கியமை துணிவோ பேராசையோ, எதுவாயினும் வணங்கத்தக்கது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2006 இல் ஏ9 பாதை மூடப்பட்டது. போர் 2009 இல் முடிந்தது. யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 இலேதான். அந்த ஆண்டுகளிற் படித்தவர்களுக்குத் தூரம் என்பது மைற்கல்லில் எழுதிய எண்ணன்று.

இன்றைய நிலை அதுவன்று. 2020 இல் கொவிட் நோய் பரவியபோது கொழும்பின் பெருநிறுவனங்கள் தம் ஊழியரை வீட்டிலிருந்தே வேலை செய்யவிட்டன. ஐரோப்பாவிலுள்ள வாடிக்கையாளர் அதனாற் குறைப்பட்டுக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை. அதற்கு முன்னரும் சான்று உண்டு. கூகுள் நிறுவனம் 2005 இல் தொடக்கிய கோடைகாலத் திட்டத்தில், மாணவர் தம் ஊரிலிருந்தபடியே திறந்த மூல மென்பொருள்களுக்கு நிரல் எழுதுவர். வேறு கண்டத்திலிருக்கும் வழிகாட்டி அதனைத் திருத்துவார். அத்திட்டத்தின் முதற் பத்தாண்டில் உலகப் பல்கலைக்கழகங்களிடையே முன்னணியில் நின்றது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். மொறட்டுவையிலிருந்து கலிபோர்னியாவுக்கு எட்டும் நிரல், கோண்டாவிலிலிருந்து கொழும்புக்கு எட்டாதா?

எட்டும். ஆயினும் வீட்டிலிருந்து தனியே பயிலுதலை நான் முழுமனதோடு ஆதரிக்கமாட்டேன். மாத்தறைக்காரர் என் பக்கத்தில் இருந்து சொல்லித்தந்ததைத் திரையினூடாகச் சொல்லித்தந்திருப்பாரா என்பது சந்தேகம். நான் விரும்புவது வேறு. போரின் பின் யாழ்ப்பாணத்திலும் மென்பொருள் நிறுவனங்கள் தோன்றியுள்ளன, யாழ் ஐ.ரி. ஹப் போன்ற முயற்சிகள் மாணவர்க்குப் போட்டிகளும் பயிற்சியும் நடத்தியுள்ளன. கொழும்பின் பெருநிறுவனம், ஒரு திட்டத்தின் சிறு பகுதியையும், அதனோடு அனுபவமிக்க இருவரையும், ஆறு மாதத்துக்கு இங்கே அனுப்பலாம். பத்து மாணவர் கொழும்பிலே அறையெடுப்பதிலும் இருவர் இங்கே அறையெடுப்பது மலிவு. கொழும்பிலிருந்து வருபவர்க்கும் அது பயிற்சிதான். சாப்பாட்டு மேசையிலே தமக்குத் தெரியாத மொழி கேட்கும்போது மௌனமாயிருப்பது எவ்வாறு என்பதை அவர்களும் அறிவர்.

இங்கே செய்தற்குரிய திட்டங்கள் இல்லையென்று சொல்லுதல் பொருந்தாது. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்து வருகின்றது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அதன் அருமையை எடுத்துரைக்கவேண்டியதில்லை. பழைய அச்சுத் தமிழைக் கணினி பிழையின்றி வாசிக்கச் செய்வது இன்னும் முற்றாகத் தீராத வேலை. ஐஸ்லாந்துக்காரரின் பெயரைச் சீர்செய்யும் திறமை, அறுபது ஆண்டுக்கு முந்திய 'ணை', 'லை' எழுத்துருக்களையும் சீர்செய்யப் போதும். ஆசிரியர்களும் ஒன்று செய்யலாம். பாடம் முடிந்ததும் "விளங்கியதா?" என்று கேட்பதை விட்டு, "எது விளங்கவில்லை?" என்று கேட்டுப் பார்க்கட்டும். முதல் வாரம் வகுப்பு மௌனமாகவே இருக்கும்.

அடுத்த அணியினர் இப்போது விண்ணப்பங்களை அனுப்பிக்கொண்டிருக்கின்றனர். சென்ற ஆண்டு எங்களை எடுத்த நிறுவனங்களுட் சில, இம்முறை பயிற்சியாளரை எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டன. இளையவர்களுள் மூவர், கொழும்பு நிறுவனமொன்றின் திட்டத்தை யாழ்ப்பாணத்திலிருந்தே, இங்குள்ள சிறு நிறுவனமொன்றின் மேற்பார்வையிற் செய்ய அனுமதிக்கும்படி கேட்டு எழுதியுள்ளனர். அவர்களின் கடிதத்தை நான் வாசித்தேன். நல்ல ஆங்கிலம், வீண் வார்த்தை இல்லை. மூன்று வாரமாகின்றது, மறுமொழி வரவில்லை. மீண்டும் ஒருமுறை எழுதினால் மரியாதைக் குறைவாகுமோ என்று கேட்டனர். ஆகாது, நாளைக்கே எழுதுங்கள் என்றேன்.